ஆளில்லாத படம்

பனி இறங்கியிருந்தது, ஆனால் கொளஞ்சியப்பனுக்கு வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. எதிர்க்கரையில், சுரங்கத்திலிருந்து வாரிக் கொட்டிய மண் மலையாகக் கிடக்கிற மேட்டில், வரிசை பிடித்து நட்டுவைத்த தைலமரங்களை இடுப்புவரை முழுங்கிவிட்டு, தண்ணீர்ப் பக்கம் வர மனசில்லாமல் அங்கேயே படுத்துக் கிடந்தது. வரட்டும். மார்கழிப் பனி வராமல் எங்கே போய்விடும். முக்காலியின் கால்களைச் செம்மண்ணில் இன்னொரு அழுத்து அழுத்தினார். காமிராவின் கண்ணைத் துண்டு முனையால் துடைத்தார், ஏற்கெனவே துடைத்ததுதான். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். போன் இருந்தது. அடிக்கவில்லை. அடிக்காமல் இருப்பது ஒரு விதத்தில் நிம்மதி, ஒரு விதத்தில் பயம். காலையில் கூப்பிடுகிறேன் என்றால் அஞ்சலாட்சிக்கு எது காலை? இங்கே விடிந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் பூனாவில் விடியுமாம், மகள் எழில் சொல்லியிருக்கிறாள். ஆனால் அஞ்சலாட்சி எந்த ஊரில் விடிவதற்காகக் காத்திருந்தாள்? கல்யாணமான நாளிலிருந்து அவள் எழுந்த பிறகுதான் பொழுது எழுந்திருக்கிறது. நேற்று ராத்திரி அவள் சொன்னது காதிலேயே நின்றது. "பாப்பாவ பள்ளிக்கூடத்துல சேக்கப் போறாங்க. கொண்டு உடவும் அழைச்சியாரவும் ஆளு வேணும். இருக்கியாம்மா, இல்ல வேற ஆளு பாக்கட்டுமான்னு எழிலு கேக்குது. நான் ஒன்னும் சொல்லல. நீங்க சொல்லுங்க. இருன்னா இருக்கறேன், வான்னா வர்றேன். ஆனா வாயத் தொறந்து சொல்லணும். சொல்லலன்னா இருக்கறன்னு அதுகிட்ட சொல்லிப்புடுவேன்." அதற்கு இவர் சொன்ன பதில், ம். பிறகு, "காலைல கூப்புடறேன், ராத்திரி பூரா யோசிங்க" என்று வைத்துவிட்டாள். ராத்திரி பூரா யோசித்தார். யோசித்து யோசித்து, விடியும் முன்னால் எழுந்து காமிராவைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்து நிற்கிறார். வேறென்ன செய்வார், மனுஷன்.

காமிரா வந்தது அவள் பூனாவுக்கு, மகள் வீட்டுக்குப் போன பிறகுதான். ரிட்டயர் ஆன மாமனாருக்குப் பொழுது போகட்டும் என்று மருமகன் வாங்கி அனுப்பினார். முதலில் குருவி எடுத்தார், பக்கத்து வீட்டுப் பூனை எடுத்தார், எதுவும் சொன்ன பேச்சைக் கேட்டு நிற்கவில்லை. ஒருநாள் விடியலில் சும்மா நடந்து வந்தபோது இந்தப் பள்ளம் நின்றது. அசையாமல் நின்றது. எந்தச் சுரங்கப் பள்ளத்தின் அடியில் வேலைக்கு நின்று அத்தனை வருஷம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாரோ, அது இப்போது வாய்வரைக்கும் தண்ணீராகி, மூழ்கிச் செத்த வேலமரங்களின் கிளை மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்க, பம்ப் ஹவுஸின் கான்கிரீட் தளம் பாதி கரையிலும் பாதி தண்ணீரிலுமாகக் கிடக்க, எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில், இவருக்காகவே காத்திருந்த மாதிரி நின்றது. எடுத்து அவளுக்கு அனுப்பினார். அவள் கட்டைவிரல் காட்டினாள். எழில் யாருக்கோ அனுப்பினாள், அவர்கள் முகநூலில் ஏதோ குழுவில் போட்டார்கள், அப்புறம் கொளஞ்சியப்பன் பெரிய ஆள் ஆகிவிட்டார். தினம் முகம் தெரியாதவர்கள் எழுதுகிறார்கள். என்ன ஒரு மூட் சார். இந்தத் தனிமையை எப்படிப் பிடிக்கிறீர்கள் சார். எப்படிப் பிடிப்பது, வீட்டில் கழுவி வைக்க ஒரே தட்டு, ஒரே தம்ளர் என்று இருந்து பார், அதுவே வந்து பிடித்துக்கொள்ளும். ஆனால் அப்படியெல்லாம் பதில் போடமாட்டார். கைகூப்புகிற பொம்மை ஒன்றைப் போட்டுவிடுவார். அஞ்சலாட்சி மட்டும்தான் ஒருநாள் போனில் கேட்டாள், "எல்லாம் நல்லாத்தான் இருக்குது. ஏங்க ஒன்னுத்துலயும் ஆளே இல்ல? அந்தக் கரையில ஆடு மேய்க்கறவங்க போவாங்க, வைத்தி அண்ணன் நடப்பாரு, ஒருத்தரையும் காணம்?" காமிராவின் கண்ணை நிமிஷக்கணக்கில் திறந்து வைத்தால் நடக்கிறவர்கள் படத்தில் விழமாட்டார்கள், நிற்பதுதான் விழும் என்று விளக்கினார். அவள் சொன்னாள், "அப்ப நான் வந்தாலும் உழமாட்டேன். நான் எங்க ஒரு எடத்துல நின்னேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவருக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

"என்னாய்யா கொளஞ்சி, இன்னம் இந்தக் குட்டைய உடலியா நீ?" வைத்தியலிங்கம்தான். இருட்டிலிருந்து குரங்குக் குல்லாவும் பீடி நெருப்புமாக வந்தார். இருவரும் ஒரே பம்ப் ஹவுஸில் ஷிப்டு மாற்றிக்கொண்டவர்கள். சர்க்கரை வந்த பிறகு வைத்தி நடக்கிறார், இவர் நிற்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். "நாம எறைச்சி எறைச்சி வெளிய ஊத்தன தண்ணிய்யா இது. அதப் போயி கும்புட்டுகிட்டு நிக்கற." பனிக்காக நிற்கிறேன் என்றார் கொளஞ்சியப்பன். "பனிக்கா? பைய தொட்டுத் தொட்டுப் பாக்கறத பாத்தா போனுக்காட்டம் தெரியுது. தங்கச்சி எப்ப வருது?" பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம், அதனால் என்று இவர் இழுத்தார். "பள்ளிக்கூடம் கெடக்கட்டும். நீ வான்னு சொன்னியா?" கொளஞ்சியப்பன் முக்காலியின் திருகை இறுக்கினார். "ஏன்யா, பொண்டாட்டிய வான்னு கூப்புட மேலேருந்து ஆர்டர் போட்டுக் குடுப்பாங்களா?" சொல்லிவிட்டு, பிள்ளையார் கோயிலில் பொங்கல் கொடுப்பார்கள், போய்விட்டு வருகிறேன் என்று கரையோடு நடந்து போனார். காமிராவுக்கு எதிரேதான் போனார். போகட்டும், இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் விழமாட்டார். ஒருமுறை அப்படித்தான், கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் வைத்தி பீடி குடித்தபடி நடந்திருக்கிறார், படத்தில் ஆளே இல்லை. தண்ணீர் இருக்கிறது, மரம் இருக்கிறது, கரை நெடுக ஒரு சிவப்பு நூல் மட்டும் ஓடியிருக்கிறது. அது என்ன என்று பார்த்தால் பீடி. "நான் போனாலும் என் பீடி நிக்கும்யா" என்று வைத்தி அந்தப் படத்தை ஊரெல்லாம் காட்டினார். அந்தப் படத்தை இவர் குழுவில் போடவில்லை, கெட்டுப்போன படம் என்று ஒதுக்கிவிட்டார். வான்னு சொன்னியா. எத்தனை சுலபமாகக் கேட்டுவிட்டுப் போகிறான். ஒரே ஒரு எழுத்து. நாக்குகூட வேண்டாம், கீழுதட்டைப் பல்லில் தொட்டு எடுத்தால் வந்துவிடுகிற எழுத்து. குழந்தைகூடச் சொல்லிவிடும்.

தண்ணீர் அடியிலிருந்து ஒரு வாடை அடித்தது, துருவும் கந்தகமும் கலந்த வாடை, அவருக்கு அது வேலை வாடை. வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள், நிலக்கரி வெட்டுவது பெரிய வேலை இல்லை, தண்ணீரை அடக்குவதுதான் பெரிய வேலை. கரிக்குக் கீழே தண்ணீர் இருக்கிறது, சும்மா இல்லை, மேலே வரவேண்டும் என்று முட்டிக்கொண்டு இருக்கிறது. பள்ளத்தைச் சுற்றி ராத்திரி பகல் பம்ப் ஓடிக்கொண்டே இருந்தால்தான் அது அடங்கும். ஓட்டம் நின்றால் தரை பொங்கும். ஒருமுறை கரண்டு போய், இவர் நின்ற இடம் காலுக்கடியில் மெதுவாக உப்பியதை உணர்ந்திருக்கிறார், சாதாரணமாக உட்கார்ந்திருக்கும் எருமை எழுந்திருக்கப் பார்க்கிற மாதிரி. அந்தப் பயம் இன்னும் கனவில் வரும். குழாயின் மேல் உள்ளங்கையை வைத்தால் ஓடுகிற பம்ப் எது, மூச்சு வாங்குகிற பம்ப் எது என்று தெரியும். காதால் ஒன்றும் ஆகாது. பம்ப் ஹவுஸுக்குள் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது, அதனால் எல்லாம் கைதான், இருட்டில் டார்ச்தான். வட்டமாகச் சுற்றினால் ஓட்டு. இடமும் வலமும் ஆட்டினால் நிறுத்து. அசையாமல் உயர்த்திப் பிடித்தால் எல்லாம் சரி, நீ போகலாம். மேலும் கீழுமாக ஆட்டினால் இங்கே வா. வா என்று காட்டியவன் ஆள் வந்து சேருகிற வரைக்கும் விளக்கை இறக்கக் கூடாது, அது ஒன்றுதான் கறாரான சட்டம். எங்கேயும் எழுதி ஒட்டியதில்லை. மழையிலும் சேற்றிலும் ஒருத்தன் அந்த ஒரு வெளிச்சத்தை நம்பித்தான் நடந்து வருகிறான், நடுவில் நீ இறக்கிவிட்டால் அவன் எதைப் பார்த்துக் கால் வைப்பான்? கை மரத்துப்போனால் மாற்றிப் பிடி, இறக்காதே. வாயே தேவைப்படாத வேலை. வாயே தேவைப்படாமல் முப்பது வருஷம் போய்விட்டது. வீட்டிலும் அதே பழக்கம்தான். மாடியில் தொட்டி கழுவிக்கொண்டு இவர் கையைச் சுற்றுவார், கீழே அஞ்சலாட்சி மோட்டார் போடுவாள், கையை ஆட்டுவார், நிறுத்துவாள். சாப்பாடு போதும் என்பதற்குக்கூட இடமும் வலமும்தான். வந்தவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரித்ததில்லை, எல்லாச் சைகையும் அவளுக்குப் பாடம். கரி தீர்ந்து சுரங்கத்தை மூடி, கடைசியாகப் பம்புகளை நிறுத்திய அன்றைக்கு ராத்திரி இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விழிப்பு வந்தது. "என்னாங்க, சத்தம் நின்னுபோச்சி" என்றாள். ம் என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தச் சத்தத்துக்குள்தான் தூங்கியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை, அவள் விளக்கைப் போட்டு டீ வைத்தாள், குடித்தார்கள். இப்போது நினைத்தால் அந்த டீ மாதிரி ஒரு டீயை அவர் குடித்ததே இல்லை.

பனி நகர்ந்தது. தைலமரங்களின் கால் தெரிய ஆரம்பித்தது. அப்படியென்றால் கீழே இறங்குகிறது என்று அர்த்தம், இன்னும் கொஞ்சம். கோயில் ஒலிபெருக்கி எங்கேயோ கரகரத்துவிட்டு அடங்கியது. நீர்க்காகம் ஒன்று செத்த வேலமரத்தில் உட்கார்ந்து இறக்கையை விரித்துக்கொண்டிருந்தது, இந்தக் குளிரில் எதைக் காயவைக்கப் போகிறதோ. அந்த மரம் நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் இந்தப்பக்கம்தான் அன்றைக்கு அஞ்சலாட்சி நின்றாள். ஆயுத பூஜை. வருஷத்தில் அந்த ஒருநாள்தான் வீட்டு ஜனங்களைச் சுரங்கத்துக்குள் விடுவார்கள். பெரிய பெரிய மிஷினுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, சந்தனம் தெளித்து, பொரி கடலை கொடுத்து, திருவிழாக் கூட்டம். எழில் கைக்குழந்தை. இவருக்குக் கீழே பூஜை, மேலே வர நேரம் இல்லை. பொழுது இறங்கிவிட்டது, பள்ளம் முழுக்க நூற்றுக்கணக்கில் விளக்கு, ஆளாளுக்கு டார்ச்சை ஆட்டித் தங்கள் வீட்டு ஆட்களைக் கூப்பிடுகிறார்கள். இவரும் உயர்த்தி ஆட்டினார், நம்பிக்கை இல்லாமல்தான் ஆட்டினார், இத்தனையில் அவளுக்கு எது தெரியப்போகிறது. கை மரத்துப்போயிற்று. மாற்றிப் பிடித்தார். கடைசியில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, தோளில் குழந்தை, முந்தானையில் பொரி, நேராக வந்து முன்னால் நின்றாள். "வந்துட்டேன், கைய எறக்குங்க, வலிக்கப் போவுது." எப்படிக் கண்டுபிடித்தாய் என்று அவர் கேட்கவில்லை, கண்ணால் கேட்டார். "எல்லாரும் வெடுக்கு வெடுக்குன்னு ஆட்டறாங்க. நீங்க மட்டும்தான் ஏத்தம் எறைக்கற மாதிரி மெதுவா ஆட்டறீங்க" என்றாள். அன்றைக்கு இருந்த சந்தோஷம், அட, அப்படியே நெஞ்சில் வந்து அடைத்தது. அதைச் சொல்லியிருக்கலாம் இல்லையா அவளிடம்? அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நீ என் விளக்கைக் கண்டுபிடித்தாயே, எனக்கு இந்த ஜென்மத்துக்கு இது போதும் என்று. பொரியை வாங்கித் தின்றார். அதுதான் செய்தார்.

விருத்தாசலம் ஸ்டேஷன் வேண்டாம், அதை நினைக்க வேண்டாம் என்று இருந்தார், ஆனால் மனசு அங்கேதான் போய் நின்றது, வழி தெரிந்த மாடு மாதிரி. எழிலுக்குப் பிரசவம், ஆறு மாசம் கூட இருந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். ஆறு மாசம் மூன்று வருஷம் ஆயிற்று, யார் மேலும் தப்பு இல்லை, குழந்தை வளர்கிறது, மகளுக்கு வேலை, மருமகனுக்கு வேலை. ரயில் கிளம்பும்போது ஜன்னலில் அவள் முகம். கம்பியைப் பிடித்துக்கொண்டு இவரையே பார்த்தாள். ஏதோ கேட்கிற பார்வை. போகவா வேண்டாமா என்று, வண்டி நகர்ந்த பிறகு கேட்கிற பைத்தியக்காரப் பார்வை. இவருக்குள் எல்லாம் பொங்கியது, அடிமண் உப்புகிற மாதிரி பொங்கியது, போகாதே என்று கத்தவேண்டும் போல இருந்தது. கை உயர்ந்தது. அசையாமல் உயர்ந்தது. எல்லாம் சரி, நீ போகலாம். சத்தியமாக அவர் அதைக் காட்டவில்லை, கையாகக் காட்டிவிட்டது. சுரங்கத்தில் வண்டி நகரும்போதெல்லாம் முப்பது வருஷம் அதையே காட்டிப் பழகிய கை, வண்டி நகர்வதைப் பார்த்ததும் தன்னால் போய்விட்டது. அவள் அதைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். முகத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள். வேறு யாராவது பெண்பிள்ளையாக இருந்தால் ஏதோ டாட்டா காட்டுகிறார் என்று நினைத்திருப்பாள். அவள் அஞ்சலாட்சி, அவளுக்குச் சைகை தெரியும், எல்லாம் சரி என்றால் எல்லாம் சரிதான். ரயில் போன பிறகும் அந்தக் கை அப்படியே நின்றது. அந்தக் கையை என்ன செய்வது என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியவில்லை.

சரி, இப்போது அடித்தால் என்ன சொல்வது? நீ வந்துவிடு. சொல்லிப் பார்த்தார், உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இல்லை, அது கட்டளை மாதிரி இருக்கிறது. வருகிறாயா? அது கேள்வி, கேள்வி கேட்டால் அவள் திருப்பிக் கேட்பாள். தனியாக இருக்க முடியவில்லை. சீச்சீ. எனக்குச் சோறு பொங்க ஆள் வேண்டும் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும், சோறு நன்றாகவே பொங்குகிறார், ரசம் அவளைவிடக் கொஞ்சம் மட்டம், அவ்வளவுதான். சோறு இல்லை விஷயம். சாயங்காலம் ஏதாவது நடக்கும், முருங்கை பூ பூக்கும், பூனை குட்டி போடும், திரும்பிப் பார்த்து "இந்தா" என்று கூப்பிடப் போவார், பக்கத்தில் சுவர் இருக்கும். அதை எப்படிப் போனில் சொல்வது? அப்புறம் பாப்பாவை யார் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவது? எவளோ ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு அது போகவேண்டுமா, தாத்தாவுக்காக? மகள் என்ன நினைப்பாள்? நீயும் அங்கே போய்விடேன், மனுஷா. போனார், ஒருமுறை. பதினோராவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர்மாடி. அவருக்கு அங்கே கால் தரையில் பாவவே இல்லை. ஆனால் அவளுக்குப் பாவியிருந்தது, அதுதான் உண்மை, அதுதான் ராத்திரியெல்லாம் குடைந்தது. கீழே பூங்காவில் ஒரு தெலுங்குக்காரம்மாவோடும் ஒரு மராட்டிக்காரம்மாவோடும் உட்கார்ந்து, இவளுக்கு அவர்கள் பேச்சும் தெரியாது அவர்களுக்கு இவள் பேச்சும் தெரியாது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி அவள் சிரித்து இவர் பார்த்ததில்லை. ம் என்கிற ஆளோடு யார் அப்படிச் சிரிக்க முடியும்? வான்னா வர்றேன் என்றாளே, வர ஆசையாக இருக்கிறது என்று சொல்லவில்லையே. வா என்று சொல்லி, அவள் வந்து, இந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு பூங்காவை நினைத்துக்கொண்டிருந்தால்? அதற்கு ஆளில்லாத படமே தேவலை. ஆனால் சொல்லாவிட்டால் இருந்துவிடுவாள். அப்புறம் இன்னொரு மூன்று வருஷம், அப்புறம் இன்னொன்று. ரெண்டு பேரில் ஒருவர் முன்னால் போய்ச் சேர்ந்துவிடுவோம், அந்தச் செய்தியும் போனில் வரும். கொளஞ்சியப்பன் துண்டால் மூக்கைச் சிந்தினார். குளிர் என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

பனி வந்துவிட்டது. சொல்லாமல் கொள்ளாமல் தண்ணீர் முழுக்கப் பரவி, மரங்களின் அடியை அழித்து, கிளைகளை அந்தரத்தில் விட்டுவிட்டு, பம்ப் ஹவுஸ் தளத்தின் ஓரத்தை மட்டும் ஒரு கறுப்புக் கோடாக வைத்திருந்தது. கிழக்கே வெளுப்புக்கூட இன்னும் சரியாக வரவில்லை. இதற்குத்தான், இந்த ஒரு நேரத்துக்குத்தான் வாரக்கணக்கில் நின்றார். பொத்தானை அழுத்தினார். காமிரா கண்ணைத் திறந்துகொண்டது. இனி அது தானாக மூடும்வரைக்கும் யாரும் அதைத் தொடக் கூடாது, பக்கத்தில் தும்மக்கூடக் கூடாது. போன் அடித்தது. பையே அதிர்ந்தது. பார்க்காமலே தெரியும், ஆனாலும் பார்த்தார், வீடியோ அழைப்பு, அஞ்சலாட்சி. நிற்கிற இடத்தில் சிக்னல் ஒரு கோடுதான். சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் பம்ப் ஹவுஸ் தளம், அதாவது படத்தின் நட்டநடு. போனால் போகட்டும், நடக்கிறவன் விழமாட்டான். டார்ச்சைப் போடாமல் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார், அறுபது தாண்டியவர் பனியில் நனைந்த சரிவில் ஓடக் கூடாது, ஓடினார்.

திரையில் அவள் முகம் பாதி இருட்டில் இருந்தது. பாப்பா தோளில் தூங்கியது. "என்னாங்க, எங்க இருக்கீங்க, ஒரே மசமசன்னு... யோசிச்சீங்களா?" என்றாள். யோசித்தேன் என்றார். "என்ன? கேக்கல. கொரலு வரல. ஆளுதான் தெரியுது." இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். அவள் காதுப்பக்கம் போனைக் கொண்டுபோனாள், காது தெரிந்தது, அந்தத் தோடு, மூன்று கல் தோடு. "ஒன்னும் கேக்கலங்க." அதற்குப் பிறகு அவள் குரலும் போய்விட்டது, வாய் மட்டும் அசைந்தது. வைத்துவிடப் போகிறாள் என்று தெரிந்தது. வைத்துவிட்டால் நேராக எழிலிடம் போவாள், இருக்கிறேன் என்று சொல்லிவிடுவாள். எங்கிருந்து வந்ததோ, கொளஞ்சியப்பன் கத்தினார். "வந்துடு! அஞ்சல, வந்துடு நீ!" பள்ளம் முழுக்க அது போய் முட்டித் திரும்பியது, நீர்க்காகம் பதறி எழுந்து பறந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொல்லியிருக்கிறார், பெயரையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார், அவளுக்குக் கேட்கவில்லை. புருவத்தைச் சுருக்கி, தலையை இடமும் வலமும் ஆட்டினாள். கேட்கவில்லை. அவர் போனைத் தளத்தின் உடைந்த தூண் ஒன்றில் சாய்த்து வைத்தார். பின்னால் நகர்ந்தார், தளத்தின் ஓரம்வரைக்கும் நகர்ந்தார், அதற்கப்புறம் தண்ணீர். டார்ச்சைப் போட்டு அவள் பக்கம் திருப்பி, கையை உயர்த்தினார். அசையாமல் நின்றுவிடாதே என்று கைக்குச் சொன்னார். மெதுவாக இறக்கினார். ஏற்றினார். இறக்கினார். ஏற்றம் இறைக்கிற மாதிரி. திரையில் அவள் முகம் அப்படியே நின்றிருந்தது, பார்த்துக்கொண்டு நிற்கிறாளா, படம் உறைந்துபோய் நிற்கிறதா, இங்கிருந்து தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன. ஏற்றினார். இறக்கினார். கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை, வந்தால் வரட்டும் என்று விட்டார். திரை கறுத்துப்போயிற்று. அழைப்பு அறுந்துவிட்டது. அவர் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

எத்தனை நேரம் என்று தெரியாது. கரையில் காமிரா கண்ணை மூடிக்கொள்கிற சத்தம் பனிக்குள் சின்னதாகக் கேட்டது. போனை எடுத்துக்கொண்டு, டார்ச்சை உயர்த்திப் பிடித்தபடியே ஏறிப்போய்ப் பார்த்தார். வெளுத்த தண்ணீர், அந்தரத்தில் கிளைகள், கறுப்புக் கோடாகத் தளம். தளத்தின் மேல் யாரும் இல்லை, அவர் ஓடியதும் இல்லை, கத்தியதும் இல்லை, அழுததும் இல்லை. ஆனால் தளத்தின் நுனியில், தண்ணீரிலிருந்து முளைத்த மாதிரி, நெட்டுக்குத்தாக ஒரு வெளிச்சம் நின்றது. மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரே கோடு. நடுவில் ஓரிடத்தில் லேசாக நெளிந்திருந்தது. குழுவில் போட்டால் கெட்டுப்போன படம் என்பார்கள். அதைப் போனில் ஒரு படம் எடுத்து, மறுபடி தளத்துக்கு இறங்கி, அவளுக்கு அனுப்பினார். தினமும் கீழே 'இன்று காலை' என்று எழுதுவார், இன்றைக்கு ஒன்றும் எழுதவில்லை. வலது கை மரத்துப்போயிற்று. இடது கைக்கு மாற்றினார். அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதும், வானத்தைப் பார்ப்பதுமாக நின்றார். கிழக்கு வெளுத்து, சிவந்து, அவருடைய எதிரியான வெயில் மேட்டுக்கு மேல் தலை நீட்டி, பனியை ஓரமாகச் சுருட்ட ஆரம்பித்தபோது போன் ஒரு அதிர்வு அதிர்ந்தது. பேச்சாகப் பதிந்து அனுப்பியிருந்தாள். காதில் வைத்தார். முதலில் பாப்பா ஏதோ சிணுங்கியது, ஒரு பாத்திரம் உருண்டது, அப்புறம் அவள் குரல், மூக்கடைத்த மாதிரி இருந்தது. "பாத்துட்டேன். போன்லயும் பாத்தேன், இதுலயும் பாக்கறேன். பள்ளிக்கூடம் தொறக்க நாளு கெடக்குது, அதுக்குள்ள ஆளு பாத்துக்கன்னு எழிலுகிட்ட சொல்லிட்டேன். அது ஒன்னும் சொல்லல, சிரிக்குது. வர்றேன். பொங்கலுக்கு முன்ன வந்துடறேன்." உருண்ட பாத்திரத்தை எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. "கைய எறக்குங்க. வலிக்கப் போவுது."

வைத்தியலிங்கம் தொன்னையில் பொங்கலோடு திரும்பி வந்தபோது பனி சுத்தமாகக் கலைந்து, வெயில் தண்ணீரில் கண்ணைக் கூசப் பளபளத்தது. படம் எடுக்க லாயக்கில்லாத வெயில். முக்காலி கரையில் அநாதையாக நின்றது. கொளஞ்சியப்பன் பம்ப் ஹவுஸ் தளத்தில், எரிகிற டார்ச்சைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"யோவ், பொழுது கெளம்பி இம்மாந்நேரம் ஆவுது. டார்ச்சு எதுக்குய்யா எரியுது?"

"ஆளு வந்துகிட்டு இருக்குது" என்றார் கொளஞ்சியப்பன்.

வைத்தியலிங்கம் அவரைப் பார்த்தார். தூணோரம் கிடந்த போனைப் பார்த்தார். பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, பக்கத்தில் வந்து குந்தினார். தொன்னையை நடுவில் வைத்தார்.

"அப்ப சரி, எறக்காத. சாப்புடற வரைக்கும் இப்பிடிக் குடு, நான் புடிக்கறேன்" என்று கையை நீட்டினார்.